நல்லரத்தினம் சேரின் சர்வ தொலையியக்கி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின் நெடுங்காலம் குறிப்பிடத்தக்க எதையும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் யுனிவர்சல் ரிமோட்டைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் எங்கள் ஊரான ஆரையம்பதிக்கு எப்போது வந்து சேர்ந்தன என்பதற்குச் சான்று இல்லை. மூன்றாவது வந்து சேர்ந்ததற்கு நானே சாட்சி.

அது என் முன்னாள் மேலதிகாரி நல்லரத்தினம் சேரின் வீட்டுக்கு வந்தது. சேர் அரச காரியாலயம் ஒன்றில் நிருவாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். உதயரூபன் ஆகிய நான் அவருக்குக் கீழே முகாமைத்துவ உதவியாளனாக இருந்து, அவர் பின்னாலேயே ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு சேரின் மேசையில் மணி இல்லை. அடித்தாலும் ஓடிவரப் பியோன் இல்லை. பின்னேரங்களில் நான் போய் அவர் முன்னால் இருப்பேன். அவருக்கு அது ஆறுதல்தான். ஆனால் ஒரேயொரு ஆளை வைத்துக்கொண்டு நிருவாகம் செய்வது எவ்வளவு சிரமம் என்பது நிருவாகிகளுக்குத்தான் தெரியும்.

கனடாவில் இருக்கும் மகன் இந்தக் குறையை உணர்ந்தானோ என்னவோ, ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தக் கருவியைக் கொடுத்தனுப்பினான்.

அதற்கு முன்பு அந்த வீட்டில் நிலவிய 'சீர்கேட்டை'யும் சொல்லத்தான் வேண்டும். டிவிக்கு ஒரு ரிமோட், டிஷ் பெட்டிக்கு இன்னொன்று, பாட்டு செட்டுக்கு வேறொன்று. சேரின் மனைவி சீதேவி அக்கா அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்து நாடகம் பார்ப்பார். மகள் விதுர்ஷா சீப்பால் தலை இழுத்துக்கொண்டே பாட்டுப் போடுவாள். எடுக்கிறவர் எடுப்பார், அமத்துகிறவர் அமத்துவார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அப்படியிருந்தும் வீட்டில் ஒரு சண்டைகூட வரவில்லை என்பதுதான் நிலைமையின் பாரதூரத்தைக் காட்டியது.

நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கு ஏற்றி, கருவி 'உத்தியோகபூர்வமாக' அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது. சேர் அதற்குத் தூய தமிழில் 'சர்வ தொலையியக்கி' என்று பெயர் சூட்டினார். சர்வ அதிகாரமும் கொண்டது என்பதால் இன்னும் சுருக்கமான ஒரு பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"இண்டையில இருந்து ஒரு வீடு, ஒரு ரிமோட்," என்று சேர் உரையாற்றினார். பழைய ரிமோட்டுகள் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பழைய சாமான் எடுக்க வந்தவரின் சாக்குக்குள் போயின. நான் கைதட்டினேன். சீதேவி அக்கா கறி அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போனார்.

எந்தக் கம்பனிப் பெட்டிக்கு எந்த இலக்கம் என்று கண்டுபிடித்து ரிமோட்டைப் பழக்குவது பெரிய வேலை. சேர் கட்டைக் காற்சட்டையுடன் நிலத்தில் குந்தியிருந்து அதைச் செய்தார். டிவி ஓட வேண்டிய இடத்தில் பாட்டு செட் அலறியது. வாவிக்கரை மரத்தில் இருந்த நீர்க்காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அவையும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாகவே சேர் எடுத்துக்கொண்டார்.

அவருடைய அதிகாரம் அத்துடன் நிற்கவில்லை. சேரின் வீடு ஊரின் வடக்கு எல்லையில் இருக்கிறது. முன்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் மக்கள் வாழும் காத்தான்குடி. நேர் எதிரே, ஜன்னலுக்கு ஜன்னல் பார்த்தபடி, தையல் வகுப்பு நடத்தும் ஹவ்வா உம்மாவின் வீடு. இரண்டாம் நாளே அவர் வேலிக்கு வந்துவிட்டார்.

"சேர், நான் செய்தி பாத்துக்கிட்டு இரிக்கன், எங்கட டிவி தானா கிரிக்கெட்டுக்குப் போகுது. நீங்க இஞ்ச அமத்துறதுக்குத்தான் அங்க ஆடுது."

சேர் கலங்கவில்லை. "உங்கட டிஷ் பெட்டியும் எங்கட பெட்டியும் ஒரே கம்பனி. அதனால உங்கட வீடும் என்ட நிருவாக எல்லைக்குள்ள வந்திட்டு."

"அப்படியா? அப்ப நாளைக்கு வந்து எங்கட வாசல் முத்தத்தையும் கூட்டுங்க சேர்."

பேச்சுவார்த்தையின் முடிவில், சேர் நிருவாகம் செய்யும் வேளைகளில் ஹவ்வா உம்மா தன் ஜன்னலைச் சாத்தி வைப்பதாக 'எல்லை ஒப்பந்தம்' ஏற்பட்டது. அயல்வீட்டு ஜன்னலை அதன் சொந்தக்காரரைக் கொண்டே மூட வைத்த ஆட்சியாளர்கள் வரலாற்றில் மிகச் சிலரே.

வீட்டுக்குள் ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது. சீதேவி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்.

"இஞ்சருங்க, நாடகம் தொடங்கிட்டு. போடுங்களன்."

"எந்த நாடகம்?"

"நேத்துப் பாத்த நாடகம்தான்."

"நேத்துப் பாத்ததை இண்டைக்கு என்னத்துக்குப் பாக்க?"

"இண்டைக்கு மிச்சக் கதை போகும்."

"அதைப் பாக்கிறதால வீட்டுக்கு என்ன பிரயோசனம்?"

அக்கா யோசிப்பார். நாடகத்தின் பிரயோசனத்தை அவர் வகுத்துச் சொல்வதற்குள் நாடகம் முடிந்துவிடும். சேர் உடனே அனுமதி வழங்குவார். திரையில் பெயர்கள் ஓடுவதை அக்கா நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார். மனு ஒன்றைக்கூட சேர் நிராகரித்ததில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

விதுர்ஷா எதையும் கேட்பதில்லை. சேர் இதை 'ஒழுக்க முன்னேற்றம்' என்றார். உண்மையில் அவள் வீட்டில் இருப்பதே குறைவு. அவள் கபடி விளையாடுபவள். பாடசாலைக் காலத்தில், விளையாடப் போகட்டுமா என்று தகப்பனிடம் கேட்டிருக்கிறாள். சேர் அந்தக் கோரிக்கையைக் கவனத்தில் எடுத்தார். எடுத்ததை இன்றுவரை கீழே வைக்கவில்லை. இடையில் அவள் எப்படி மைதானத்துக்குப் போனாள், எப்படி மாகாணப் பெண்கள் அணிக்குத் தலைவி ஆனாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பத்திரிகையில் அவள் படம் வந்த அன்று சேர் ஒழுங்கை முழுவதும் அதைக் காட்டி, "என்ட வழிகாட்டல்" என்றார். நானும் ஆமோதித்தேன்.

அந்த அணி தேசிய இறுதிப் போட்டிக்குத் தெரிவானது. போட்டி கொழும்பில், டிவியில் நேரடி ஒளிபரப்பு. சீதேவி அக்கா காலையிலேயே சமையலை முடித்துக் குளித்து, கோயிலுக்குப் போகும் சேலையை உடுத்து, டிவிக்கு முன்னால் கதிரை போட்டுவிட்டார். டிவி பார்க்க அக்கா சேலை உடுத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அன்றைக்கென்று ஓய்வூதியர் சங்கக் கூட்டம். நன்றியுரை சேரின் பொறுப்பு. "மெச் தொடங்க முதல் வந்து நானே போடுவன்," என்று சொல்லிவிட்டு, ரிமோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பொறுப்பைப் பிறர் கையில் ஒப்படைப்பது நிருவாகப் பலவீனம் என்பது அவருடைய கொள்கை. நானும் கூடப் போனேன்.

கூட்டம் இழுத்தது. நன்றியுரைக்கு முன்பு சேர் ரிமோட்டை வெளியே எடுத்து அதன் சிறப்புகளை விளக்கியதும் ஒரு காரணம். பாதியில் கைபேசி அடித்தது. அக்காவின் குரல் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"மெச் தொடங்கிட்டு. ரிமோட் எங்க?"

"என்னட்டப் பத்திரமா இரிக்கு."

"உங்களிட்டப் பத்திரமா இருந்து எனக்கு என்ன? டிவிக்குக் கீழ இரிக்கிற பொத்தானை அமத்தினன். நீலமா வந்து 'சிக்னல் இல்லை' எண்டு காட்டுது. டிஷ் பெட்டி ஒழும்புதில்ல."

"ஒருத்தரும் ஒண்டையும் தொட வேணாம். நான் வாறன்."

"எப்ப வாறீங்க?"

சேர் அதற்குள் தொடர்பைத் துண்டித்துவிட்டார். பிறகு எழுந்து, தலைவர் முதல் கதிரை அடுக்கியவர்கள் வரை எல்லோருக்கும் விரிவாக நன்றி சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. டிவி நீலமாக ஒளிர்ந்துகொண்டு இருந்தது. அதற்கு முன்னால் அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது.

"பாத்தியா உதயரூபன்," என்றார் சேர், "நான் வரும் வரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் தொடல்ல. இதுதான் ஒழுங்கு."

அவர் நடு ஹோலில் கால்களை அகட்டி நின்று, கையை நீட்டி, ரிமோட்டின் பெரிய சிவப்புப் பொத்தானை அமத்தினார். எங்கள் டிஷ் பெட்டியில் விளக்கு எரிந்தது. அதே நொடியில் எதிர்வீட்டிலிருந்து ஒரு கூட்டம் பெண்கள் ஒன்றாகக் கத்தும் சத்தம் வந்தது.

"வெற்றி ஆரவாரம்," என்றார் சேர்.

அப்போதுதான் நான் ஜன்னலைப் பார்த்தேன். ஹவ்வா உம்மாவின் ஜன்னல் திறந்திருந்தது. பொறுத்துப் பார்த்த சீதேவி அக்கா ஒழுங்கையைக் கடந்து அங்கே போயிருக்கிறார். தையல் வகுப்புப் பிள்ளைகளும் அயலட்டைப் பெண்களும் அங்கேதான். சனம் நிறைந்து புழுங்கவே ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள். எங்கள் பெட்டியை எழுப்பிய அதே கட்டளை, விழித்திருந்த அவர்கள் பெட்டியைத் தூங்கப் போட்டுவிட்டது.

அவர்களும் தங்கள் பெட்டியைத் திரும்ப எழுப்பினார்கள். டிஷ் பெட்டிகள் எழும்பச் சுணங்கும். ஒழுங்கையின் இரு பக்கமும் படம் வந்தபோது, இரண்டு வீட்டிலும் ஒரே சவர்க்கார விளம்பரம் ஓடியது. இரண்டு சமூகங்களும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் கண்டன. இத்தகைய ஒருமைப்பாட்டை எந்தச் சமாதானக் குழுவும் இதுவரை சாதித்ததில்லை.

சீதேவி அக்கா உள்ளே வந்தார். பின்னால் ஹவ்வா உம்மா.

"ஆரு அமத்தின?"

"நான்தான் போட்டனான்," என்றார் சேர். "வெண்டாச்சா?"

"வெண்டாச்சு. கடைசி நேரம் புள்ள ஒருத்தியாப் போய் மூண்டு பேரைத் தொட்டுட்டு வந்தா. மறுகா மைக்கைப் பிடிச்சிக் கேட்டாங்க, 'இந்த இடத்துக்கு வர வீட்டில ஆரு உதவி?' எண்டு. 'எங்கட வீட்டில ஒருத்தர்தான்' எண்டு சொன்னா. அதோட இருட்டாப் போச்சு."

சேரின் முகம் மலர்ந்தது. "ஒருத்தர்தான் எண்டா சொன்ன?"

"அந்த ஒருத்தர் ஆரெண்டு சேருக்கு விளங்கிட்டுதா?" என்று கேட்டார் ஹவ்வா உம்மா.

"இதில விளங்காம என்ன இரிக்கு?" சேர் சட்டைக் கொலரைச் சரி செய்துகொண்டார்.

அக்காவின் முகத்தில் கோபம்கூட இல்லை. பிள்ளை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்த நேரத்தில் யாரோ இடையில் கதவைச் சாத்திவிட்டது போல நின்றார். பிறகு போய் அந்தக் கதிரையை எடுத்துச் சுவரோரம் வைத்தார். இரவு அந்த 'ஒருத்தர்' பற்றித் தகப்பன் கைபேசியில் கேட்டதற்கு விதுர்ஷா, "ஊருக்கு வந்து சொல்றன்," என்று மட்டும் சொன்னாளாம்.

விளையாட்டுக் கழகம் கலாசார மண்டபத்தில் வரவேற்பு வைத்தது. மாலை, மேளம், பன்னீர், வெற்றிக் கிண்ணத்துடன் விதுர்ஷா. மேடையில் சேருக்கும் ஒரு கதிரை; சேரின் பக்கத்தில் எனக்கும் ஒன்று. சீதேவி அக்கா பின் வரிசையில் ஹவ்வா உம்மாவுடன் இருந்தார். ரிமோட் வழமைபோல் சேரின் சட்டைப் பையில் இருந்தது. அது இல்லாமல் அவர் வெளிக்கிடுவதே இல்லை.

சேர் தழுதழுத்த குரலில் பேசினார். "நாடே பாத்துக்கொண்டு இருக்கேக்க என்ட மகள் சொன்னா, 'எங்கட வீட்டில ஒருத்தர்தான் எனக்கு உதவி, அது எங்கட அப்பா' எண்டு."

மண்டபம் கைதட்டியது. முதலில் தட்டியது நான்.

அடுத்து விதுர்ஷா மைக்கைப் பிடித்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல.

"நான் சொன்னது எங்கட வீட்டாக்களுக்குப் பாதிதான் கேட்டிரிக்கு. முழுசாச் சொல்றன். எங்கட வீட்டில ஒருத்தர்தான் என்னை விளையாட விட்டவ. அது எங்கட அம்மா. அப்பா போ எண்டும் சொல்லல்ல, போகாத எண்டும் சொல்லல்ல. அம்மாதான் மீன் வாங்கப் போறன் எண்டு வீட்டில சொல்லிப்போட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு வாவிக்கரைக்கு வருவா. மணலில நான் விழுந்து ஒழும்புறதைப் பாத்துக்கிட்டு நிப்பா. எங்கட வீட்டில மீன் கறி இல்லாத நாளெல்லாம் எனக்குப் பயிற்சி நாள்."

பின் வரிசையில் ஹவ்வா உம்மா முழங்கையால் அக்காவை இடித்தார். "ஒழும்புகா. ஒழும்பி நில்லு."

சீதேவி அக்கா எழுந்து நின்றார். மண்டபம் முழுவதும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவரைப் பார்த்துக் கைதட்டியது.

"மறுகா இன்னொண்டு சொல்லணும்," என்று விதுர்ஷா தொடர்ந்தாள். "நாங்க வெண்டதை எங்கட அம்மா சொந்த வீட்டில இருந்து பாக்க ஏலாமப் போச்சு..."

பக்கத்தில் ஒரு அசைவு தெரிந்தது. சேரின் கை சட்டைப் பைக்குள் போய், ரிமோட்டுடன் வெளியே வந்தது. மடியில் மறைத்து வைத்தபடி அதை மகளின் பக்கம் திருப்பி, சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அமத்தினார். இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக அமத்தினார். விதுர்ஷா பேசிக்கொண்டே இருந்தாள்.

சேர் என் காதருகே குனிந்தார்.

"பற்றரி போயிட்டோ, உதயரூபன்?"

"பற்றரி புதுசு, சேர்," என்றேன். "இவ்வளவு காலமும் அதுக்கு அடங்கிக் கிடந்தது நாங்க. இண்டைக்கு நாங்கதான் பழுதாயிட்டம்."