வெள்ளெலி சேமிக்காத மின்சாரம்

ஒரு காட்டில், மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவதற்கும் விண்ணப்பப் படிவம் கேட்கத் தொடங்கியிருந்த காலத்தில், குழலி என்னும் வெள்ளெலி எட்டாம் வகுப்பு படித்து வந்தாள். மின்சாரத்தைச் சேமிக்கும் மாதிரி வீடு ஒன்றை ஒவ்வொருவரும் செய்து வர வேண்டும் என்று அறிவியல் ஆசிரியர் கரடியார் அறிவித்தார். இருபதுக்குப் பத்து மதிப்பெண்ணாவது வாங்காதவர் ஒன்பதாம் வகுப்புக்குப் போக முடியாது.

அக்காட்டு வழக்கப்படி, பிள்ளைகளின் செயல்திட்டங்களைப் பெற்றோரே செய்தனர். குரங்கு மாணவன் வேலப்பனின் தந்தை மூன்று நாள் விடுப்பெடுத்துத் தெர்மாகோலில் மாளிகை கட்டி, நாற்பது பல்புகளைப் பொருத்தினார். குழலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "உன் வேலையை நீயே செய்டி" என்று அம்மா பூரணி சொல்லிவிட்டாள். ஆகவே அவள் ஒரு மரப்பெட்டியில் மண்ணை நிரப்பி, தன் வீட்டைப் போலவே இரு வாசல் வைத்து ஒரு வளையைத் தோண்டி எடுத்துச் சென்றாள்.

கண்காட்சி மண்டபம் பல்புகளின் சூட்டில் தகித்தது. கரடியார் வேலப்பனிடம், "இது எப்படிப்பா வேலை செய்யுது?" என்று கேட்டார்.

"அப்பாவைக் கேளுங்க சார். நான் கலர் பேப்பர் மட்டும்தான் ஒட்டினேன்."

அப்பா முன்னால் குதித்தார். "முதல்ல நாப்பது பல்பும் எரியும் சார். இந்த ஸ்விட்சைத் தட்டினா இருபது அணைஞ்சிடும். பாதிக்குப் பாதி மிச்சம்!"

கரடியார் மகனுக்கு இருபது மதிப்பெண் போட்டு, அப்பாவுக்குக் கைகொடுத்தார்.

குழலியின் மேசைக்கு வந்ததும், வியர்த்து வழிந்த மூக்கை வளைக்குள் நுழைத்தார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"அடடா, என்ன குளுமை!" என்றார் உள்ளிருந்தபடியே. "எத்தனை யூனிட்டும்மா செலவு?"

"ஒண்ணுமே இல்ல சார்."

"முன்னாடி?"

"முன்னாடியும் இல்ல சார்."

கரடியார் மூக்கை உருவிக்கொண்டு மதிப்பெண் படிவத்தைப் பிரித்தார். "முன்னாடி செலவானதுல இப்ப செலவாகறதைக் கழிக்கணும். பூஜ்யத்துல பூஜ்யம் போனா?"

"பூஜ்யம் சார்."

"கணக்குல கெட்டிக்காரியா இருக்கியே! அதான் உன் மார்க். ஒரு மாசத்துல மறுதேர்வு."

பிறகு மூக்கை மறுபடியும் வளைக்குள் வைத்துக்கொண்டார்.

குழலி அழுதுகொண்டே வீடு சேர்ந்தாள். அவள் கொண்டுவந்த மதிப்பெண் படிவத்தைப் பூரணி இருமுறை நிதானமாகப் படித்தாள். "நாம வீணாக்காததுதான் தப்பாம். நகரு, இதை நானே செய்யறேன்" என்றாள்.

முதலில் மின் இணைப்பு வாங்கினாள். பிறகு தாங்கள் குடியிருந்த வளையின் ஒரு வாசலைச் சிமென்ட் வைத்து அடைத்தாள். வெக்கை தாங்கவில்லை, ஏசி மாட்டினாள். ஏசியில் பல் கிட்டியது, ஹீட்டரும் வைத்தாள். பதினைந்து நாளில் முந்நூறு யூனிட் ஓடியது. அடுத்த பதினைந்து நாளும் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். நூறு யூனிட்தான் ஆயிற்று.

மறுதேர்வில் இந்த இரு கணக்கையும் காட்டிய குழலிக்கு இருபதுக்கு இருபது. 'மின்சேமிப்புத் திலகம்' என்ற பட்டமும் கிடைத்தது.

"இனிமே அந்த வாசலைத் திறந்துடலாமாம்மா?" என்று கேட்டாள் குழலி.

"சும்மா இருடி. ஒன்பதாவதுலயும் செயல்திட்டம் உண்டு."

மரப்பெட்டியைக் கரடியார் திருப்பித் தரவேயில்லை. அது இன்னும் ஆசிரியர் அறையில், அவருடைய மூக்குக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.

நீதி: சிக்கனத்துக்குப் பரிசு பெற விரும்புவோர், முதலில் போதுமான அளவு வீணடித்துக் காட்ட வேண்டும்.