ஹிட்ஸ், த/பெ கிரேட்டஸ்ட்

குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் ஆபீஸ் வேன் ஓட்டிய ஹிட்ஸ் அண்ணனைப் போல, ஒரே ஒரு சிடியை வைத்துக்கொண்டு மனுஷர்களை வதைத்தவர் இந்த வளைகுடாவிலேயே கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

யாரோ ஓர் அமெரிக்கப் பாடகியின் பிரபலமான பாட்டுகளின் தொகுப்பு அது. முன்பிருந்த டிரைவர் விட்டுப்போனது. பாதி கிடார், பாதி அழுகை. அட்டையில் இருந்த அவள் பெயர் குவைத் வெயிலில் வெளுத்து, ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ மட்டும் மிச்சம். அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அந்தப் புள்ள பேரு ஹிட்ஸ் சார். கிரேட்டஸ்ட்டுங்கிறது அப்பா பேரு. நம்மள மாதிரியே முன்னாடி போட்டிருக்கு பாருங்க!”

நான் திருத்தப் பார்த்தேன். “அப்பா பேரு இல்லாம யாராச்சும் இருப்பாங்களா சார்?” என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் ஹிட்ஸ் அண்ணன்.

காலையில் வேன் கிளம்பியதும் பெரம்பலூரிலிருந்து அவர் மனைவி செல்வி போனில் வந்துவிடுவார். ஸ்பீக்கரில்தான் பேச்சு. முதல் நாள் பெண் குரல் கேட்டதும், “யாருங்க அவ?” என்று ஓர் அலறல். “சிடிம்மா, சிடி!” என்று அண்ணன் கெஞ்சினார். போகப் போக செல்விக்கே அந்தக் குரல் பிடித்துப்போனது.

“ஹிட்ஸு இன்னிக்கு ரொம்ப அழுவுறாளே, என்னவாம்?”

“புருஷன் லாரி ஓட்டப் போயிட்டான்மா. லீவு குடுக்க மாட்டேங்குறாங்களாம்.”

எல்லாப் பாட்டுக்கும் அதே அர்த்தம்தான். லீவு கிடைக்காதது அண்ணனுக்கு. கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கேட்கும்போதெல்லாம் மேனேஜர், “வேற டிரைவர் மாஃபி, ஆளே இல்ல, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்பார்.

போன மாதம் புது வேன் வந்தது. எல்லாம் உண்டு, சிடி போட மட்டும் இடமில்லை. ‘அப்பாடா, கலாஸ், முடிஞ்சுது!’ என்று பின்சீட்டில் கைதட்டினோம்.

மறுநாள் காலை செல்வி, “எங்கங்க அவ? சத்தத்தையே காணோம்?” என்றார்.

“லீவுல போயிருக்காம்மா,” என்றார் அண்ணன், விளையாட்டாக.



“அவளுக்கே குடுத்துட்டாங்களா? அப்ப உங்களுக்கு எப்பங்க?”

அண்ணன் முன்னால் யாருமில்லாத ரோட்டில் ஹாரன் அடித்தார்.  ஆபீஸில் இறங்கியதும் அத்தனை பேரும் நேராக மேனேஜர் ரூமுக்குப் போனோம். அண்ணன் திரும்பி வரும்வரை டாக்சியில் வந்துகொள்கிறோம் என்றோம். மனிதர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

ஏர்போர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். சந்தோஷப்படட்டுமே என்று டாக்சியில் அந்தச் சிடியில் இருந்த ஒரு பாட்டை, நினைவிருந்த வரியை வைத்து என் போனில் தேடிப் போட்டேன். அண்ணன் முகம் சுளித்தார்.

“ஆஃப் பண்ணுங்க சார். எனக்கு மொத நாளே தலவலி. செல்விக்குப் பிடிச்சிருச்சேன்னுதான் இத்தன நாளும் பல்லக் கடிச்சிக்கிட்டுப் போட்டேன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரை உள்ளே அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பும்போதுதான் உறைத்தது, இந்த மனுஷன் வரும்வரை எனக்கு ஆபீஸுக்குப் போகவே பிடிக்காது என்று.