என் தலைமுடியும் ஒரு ரீரைட்டபிள் டிஸ்க்கும்

என் தலைமுடியைச் சாமிக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். நாற்பத்தாறு வயதில் இம்புட்டு முடி எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் இல்லை.

சிக்கல் இதுதான். போன மாசி சிவராத்திரிக்கு, பேரையூர்ப் பக்கம் என் மாமனார் வீட்டுக் குலசாமி கோயிலுக்குப் போயிருந்தோம். கொட்டுச் சத்தத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. மதுரைக்கு மாற்றல் கிடைத்தால் மொட்டை போடுகிறேன் என்று கூட்டத்துக்கு நடுவில் கத்திவிட்டேன். மூன்றாம் வாரம் மாற்றல் வந்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றேன் என் மனைவி ஜெயக்கொடியிடம்.

"சோலை எடுத்த வீடியோவுல இருக்கு. போட்டுக் காட்டவா?"

சோலை அவள் தம்பி. கேமரா வாங்கிய நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிறான். அந்த டிஸ்க் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் இருந்தது. மேலே 'ரீரைட்டபிள்' என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தேன்.

"அதுல இருக்குறத அழிச்சிட்டு வேற எழுதலாம்ணே."

சாட்சியை அழிக்கலாம் என்று தெரிந்த பிறகு எந்தப் புருஷன் சும்மா இருப்பான்?

ஜெயக்கொடி காய்கறி வாங்கப் போன நேரம் டிஸ்க்கை எங்கள் கம்ப்யூட்டரில் போட்டேன். வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. டிரைவ் கரகரவென்று சுற்றியது, முனகியது, நின்றது. டிஸ்க்கைப் போடு என்று திரையில் வந்தது. போட்டுத்தானே இருக்கிறேன்? எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடி போட்டேன். டிஸ்க்கைப் போடு. பழைய பாட்டு டிஸ்க் ஒன்றைப் போட்டேன். உடனே பாடியது. ஆக, டிரைவ் நன்றாக இருக்கிறது. சோலையின் டிஸ்க்தான் காலி.

அழிக்க வந்தவனுக்கு அழிக்க ஒன்றுமில்லை. குழப்பமாக இருந்தது. ஒருவேளை நான் வேண்டிக்கொள்ளவே இல்லையோ? யோசிக்க யோசிக்க, அன்றைக்குக் கத்தியது பக்கத்தில் நின்ற மொக்கையன் சித்தப்பாதான் என்று தோன்றியது. அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது என்பது மட்டும்தான் இடித்தது.

ஜெயக்கொடி பையை இறக்குவதற்குள் ஆரம்பித்தேன்.

"உன் டிஸ்க்குல ஒண்ணுமே இல்ல."

"எடுத்துப் பாத்தீங்களா?"

"தூசி தட்டுனேன். அப்படியே போட்டும் பாத்தேன்."

"எதுல?"

"நம்ம கம்ப்யூட்டர்லதான். சுத்தமா காலி."

அவள் கத்தரிக்காய்களைக் கொட்டி, சொத்தையைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"இருந்துச்சுன்னா?"

"மீசையையும் சேத்து எடுக்குறேன்!"

"சத்தமாச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு ரோகிணிக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன்.

"கேட்டுச்சுண்ணே" என்றாள் ரோகிணி, அவள் வீட்டு ஜன்னலிலிருந்து.

ஜெயக்கொடி டிஸ்க்கைக் கொண்டுபோய் டிவிக்குக் கீழே இருந்த டிவிடி பிளேயரில் போட்டாள். காலி டிஸ்க்கிலிருந்து கோயில் வந்தது. கொட்டு வந்தது. கிடா வந்தது. காற்றில் முடி பறக்க நான் வந்தேன்.

"இது எப்படி?"

"நம்ம கம்ப்யூட்டர் பழசு. அழிச்சு எழுதுற டிஸ்க்கு எதையும் அதால படிக்க முடியாது. சோலை அன்னைக்கே சொன்னான். அதான் இதுலயே எழுதிக் குடுறான்னேன்."

"படிக்க முடியாததுல எதுக்கு எழுதச் சொன்ன?"

"வீட்டுல நீங்க இருக்கீங்கள்ல, அதுக்குத்தான்."

திரையில் நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். வாயைத் திறந்தேன். ரோகிணி ஜன்னலை விட்டு நகரவில்லை.

"நிறுத்து! ஆமா, வேண்டிக்கிட்டேன். என் வாயாலதான் சொன்னேன். மொட்டை போடுறேன்."

"மீசை?"

"அதுவும்."

ரிமோட்டை அமுக்கினாள். படம் நின்றது.

வெள்ளிக்கிழமை கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். தலையில் தண்ணீர் தெளித்தார்கள். உச்சியிலிருந்து நெற்றி வரைக்கும் கத்தி ஒரு பாதை போட்டது. எதிரே சோலை கேமராவோடு நின்றான்.

"மச்சான், கொஞ்சம் நிமிருங்க. அன்னைக்கு நீங்க கையத் தூக்கி வாயத் திறந்தீங்க, சரியா அந்நேரம் பேட்டரி தீந்துபோச்சு. அதுக்கு மேல ஒண்ணுமே பதிவாகல. அதான் அக்கா இந்தவாட்டி ரெண்டு பேட்டரியாக் கொண்டாரச் சொல்லுச்சு."