நைலெக்ஸ் சேலையும் இன்ஸ்பெக்டரின் கால்சட்டையும்

ஒரு பாடத்தைப் படிப்பிப்பதற்கு அதை நம்பவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் பல வருஷம் நிலைமின்னியல் படிப்பித்தவள். அதை ஒரு நாளும் நம்பியதில்லை. சொர்க்கம், நரகம் மாதிரி அதையும் பெரியவர்கள் சொன்ன ஒரு விஷயமாக ஒரு பக்கத்தில் வைத்திருந்தேன். இருக்கலாம். நான் பார்க்கவில்லை.

பிழை என்னுடையதல்ல. பருத்தித்துறைப் பக்கம், கடலோரத்தில் எங்கள் பள்ளிக்கூடம். ஆய்வுகூட யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று முகத்தில் ஒட்டும். எபனைற் கோலைக் கம்பளித் துண்டால் தேய்த்தால் அது மின்னேற்றம் பெற்றுக் கடதாசித் துண்டுகளைக் கவரும் என்று புத்தகம் சொல்லும். அந்த ஈரக் காற்றில் ஏற்றம் வந்த வேகத்திலேயே கசிந்து போய்விடும். நாங்கள் தேய்ப்போம். தோள்மூட்டு கழன்று விழும்வரை தேய்ப்போம். கோலை நெருப்பில் காட்டிக் காயவைத்து மறுபடியும் தேய்ப்போம். கடதாசித் துண்டுகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த மாமனார் மாதிரி அசையாமல் கிடக்கும். கடைசியில், எங்கள் பள்ளிக்கூடத்துச் சம்பிரதாயப்படி, கோலின் நுனியில் கொஞ்சம் சோற்றுக் கஞ்சி பூசுவோம். கடதாசி வந்து ஒட்டும்.

"பாத்தீங்களே பிள்ளையள், இதுதான் மின்கவர்ச்சி."

பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். சோதனையில் எல்லாரும் பாஸ்.

எழுபதுகளின் நடுவில், சிட்னி முழுக்கக் கலர் டிவி பற்றியே பேசிக்கொண்டிருந்த காலத்தில், இவரும் நானும் மெரிலேண்ட்ஸில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். (இவர் என்றால் என் கணவர். கணக்காளர். பௌதிகத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, என்னைக் கட்டியதைத் தவிர.) எனக்குப் பக்கத்து ஊர் ஹைஸ்கூல் ஒன்றில் விஞ்ஞான ரீச்சர் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை அல்ல. முதலில் தற்காலிகம், பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

ஓகஸ்ட் மாதம் வந்தது. உள்நாட்டிலிருந்து வறண்ட காற்று அடிக்கத் தொடங்கியது. உதடு வெடித்தது, குதிக்கால் வெடித்தது. ஒரு நாள் குசினியில் நான் குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டேன். அது என்னை அடித்தது.

"இஞ்சாருங்கோ, ஃபிரிட்ஜ் ஷொக் அடிக்குது!"

"கதவுப் பிடியும் அடிக்குதப்பா. வீடு முழுக்க வயரிங் பிழை."

நானும் ஓம் என்றேன். நிலைமின்னியலில் விசேஷ சித்தி பெற்ற பட்டதாரி, நைலோன் கம்பளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டு, வயரிங் பிழை என்றேன். வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். அந்த மனுஷன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிப் போனார். இந்த நாட்டில் வேலை தெரிந்த ஆட்கள் இல்லை என்று இரண்டு பேரும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். அன்றிலிருந்து இவர் ஃபிரிட்ஜை மர அகப்பையால்தான் திறப்பார்.

பள்ளிக்கூடத்தில் வேறொரு தலையிடி. அதிபர் நல்ல மனுஷன்தான், ஆனால் என் சேலையைக் கண்டாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும்.

"இந்த உடுப்பு ஆய்வுகூடத்துக்குச் சரிவராது என்று நினைக்கிறேன். நெருப்பு இருக்கிறது, அமிலம் இருக்கிறது. ஒரு பாவாடையும் சட்டையும் போடலாமே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முழங்காலுக்கு மேலே நிற்கும் பாவாடைகளின் காலம் அது. என் முழங்காலை நானே எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன். "எங்கள் ஊரில் சேலையோடுதான் விறகடுப்பில் சமைக்கிறோம்," என்றேன். "சேலை கட்டுகிறவளின் சொல் கேட்கும்."

"நல்லது. இன்ஸ்பெக்டர் வரட்டும். உங்கள் வேலையும் சேலையும் அவர் கையில்," என்றார் அதிபர்.

வெளியே வீராப்பாகப் பேசிவிட்டேனே ஒழிய, உள்ளுக்குள் பயந்துபோனேன். அந்த ஊரில் கண்ணாடியைப் பார்த்தால் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் சேலை கட்டிய அந்தப் பெண்தான். அவளையும் இழந்துவிட்டால் யாரோடு பேசுவது?

இன்ஸ்பெக்டர் வருகிற நாள், பார்த்து வைத்தது போல, பத்தாம் வகுப்புக்கு நிலைமின்னியல் பாடம். காலையில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

"எந்தச் சேலை கட்டட்டும்?"

"இதென்ன கேள்வி? அந்த ஜப்பான் நைலெக்ஸைக் கட்டும். இன்ஸ்பெக்டரெல்லே வாறார்," என்றார் இவர்.

ஜப்பான் நைலெக்ஸ் என்றால் இப்போதுள்ளவர்களுக்குப் புரியாது. ஊரில் வெளிநாட்டுச் சாமானே கண்ணில் படாத காலத்தில், சிங்கப்பூரிலிருந்து என் தமையன் கொண்டுவந்த நைலோன் சேலை அது. கசங்காது, ஸ்திரிக்கை வேண்டாம், சோப்புக் குமிழி மாதிரி மிதக்கும். கலியாண வீட்டுக்கு மட்டும் கட்டுகிற சேலை. அதைக் கட்டி, மேலே கடையில் மலிவாக வாங்கிய கார்டிகனைப் போட்டேன். பார்த்தால் கம்பளி மாதிரி இருக்கும், ஆனால் முழுக்க அக்ரிலிக் நூல்.

இலத்திரனைச் சுலபமாகக் கைவிடும் பொருட்கள் எவை, பறித்துக்கொள்ளும் பொருட்கள் எவை என்று ஒரு வரிசை உண்டு. தலைகீழாகவும் ஒப்புவிப்பேன். நைலோன் ஒரு கோடியில், கொடுக்கிற பக்கம். அக்ரிலிக்கும் பொலியெஸ்டரும் மறு கோடியில், பறிக்கிற பக்கம். இந்த அறிவெல்லாம் தலைக்குள் இருக்க, உடம்பில் நைலோனைச் சுற்றி, அக்ரிலிக்கால் மூடி, பஸ்ஸில் ஆடி ஆடித் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இன்ஸ்பெக்டர் உயரமான, வெட்கப்படுகிற மனுஷர். பழுப்பு நிறப் பொலியெஸ்டர் கால்சட்டை, அந்தக் காலத்து மோஸ்தர்படி கீழே குடை மாதிரி விரிந்தது. கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்தார். அதிபர் கதவோரம் நின்றார்.

கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வாத ஏற்றங்கள் ஒன்றையொன்று கவரும். பிறகு ஊர்ப் பழக்கத்தில் வாயு அடுப்பைக் கொளுத்திக் கோலைக் காயவைத்தேன். (காயவைக்க அதில் ஈரம் எங்கே இருந்தது?) கோலை ஒருமுறை, வெறும் சாட்டுக்கு, தேய்த்தேன். கஞ்சி இல்லையே என்ற கவலையோடு கடதாசித் துண்டுகளுக்கு மேலே கொண்டுபோனேன்.

கோல் கிட்டப் போகமுந்தியே துண்டுகள் அத்தனையும் எழும்பிப் பாய்ந்தன!

"ஐயோ அம்மா!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது காதில் விழவில்லை. திரும்பத் தேய்த்தேன், திரும்பப் பாய்ந்தன. புத்தகத்தில் இருந்தது உண்மை! இத்தனை வருஷமும் நான் படிப்பித்தது பொய்யல்ல! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரை மறந்தேன், அதிபரை மறந்தேன். சந்தோஷத்தில் உடம்பு சூடேறி, கார்டிகனை ஒரே இழுவையில் கழற்றி எறிந்தேன்.

அப்பளம் பொரிக்கிற மாதிரிப் படபடவென்று ஒரு சத்தம். அக்ரிலிக் போகும்போது என் சேலையிலிருந்து இலத்திரன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. சேலைத் தலைப்பு தானாக விரிந்து, விசிறி மாதிரி அந்தரத்தில் நின்றது.

"அது என்ன சத்தம்?" என்று இன்ஸ்பெக்டர் ஆவலோடு எழுந்து, பிளாஸ்டிக் கதிரையில் கால்சட்டையை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, மேசைக்குக் கிட்ட வந்தார்.

வந்திருக்கக் கூடாது. தலைப்பு காற்றில் ஒருமுறை தயங்கியது. பிறகு பறந்துபோய் அவருடைய கால்சட்டையில், தொடையிலிருந்து முழங்கால்வரை, வழித்துப் பூசின மாதிரி ஒட்டிக்கொண்டது.

இழுத்தேன். வந்தது. விட்டேன். திரும்பப் போய் ஒட்டியது. இந்த முறை கொஞ்சம் மேலே.

அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார், துப்பாக்கி நீட்டிய மாதிரி. முகம் சிவந்துபோயிற்று. "மேடம், இந்த உடுப்பில் பொத்தான் எதுவும் இல்லையாமே," என்று மெல்லிய குரலில் சொன்னார். "நான் விலகிப் போனால் முழுவதும் கழன்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

பாவம், அவர் பயம் அவருக்கு. எனக்கு வேறு பயம். மேசையில் அடுப்பு எரிகிறது, மேலே நைலோன் சேலை மிதக்கிறது. அதிபர் சொன்ன அதே ஆபத்து, அவர் கண்ணுக்கு முன்னாலேயே. வாயுக் குழாயின் திருகியைப் பூட்டவேண்டும். பதற்றத்தில் அது மேசையின் மறுபக்கம் என்று நினைத்து நகர்ந்தேன். என் சேலையைக் காப்பாற்றவென்று, கையைத் தூக்கியபடி, அடிமேல் அடி வைத்து இன்ஸ்பெக்டரும் கூடவே வந்தார். மறுபக்கத்தில் திருகி இல்லை. மேலும் நகர்ந்தேன். அவரும் வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் அக்கினி. முன்னால் நான், என் சேலைத் தலைப்பு ஒரு ஆம்பிளையோடு சேர்ந்திருக்கிறது. சபையில் நாற்பது சாட்சி. அதுவும் வலமாகச் சுற்றுகிறோம்! இதே சடங்கை எங்கள் ஊர்க் கோயிலில் இவரோடு செய்து முடித்தவள் நான். ஐயர் இல்லாத குறை ஒன்றுதான்.

(கலியாணத்தில் அக்கினி சேர்த்துவைக்கும், பௌதிகத்தில் பிரித்துவைக்கும். சுவாலைக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஏற்றம் காற்றில் கலைந்துவிடும் என்பது விதி. ஆனால் நைலெக்ஸை அங்கே கொண்டுபோனால் சேலையோடு ஆளும் கலைந்துவிடும்.)

சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தோம். திருகி அங்கேதான், முதலில் நான் நின்ற இடத்தில், என் மூக்குக்குக் கீழேயே இருந்தது. பூட்டினேன். பூட்டும்போது அதுவும் விரலில் ஒரு அடி போட்டது.

இனி இந்த ஏற்றத்தைத் தீர்ப்பது எப்படி? இவ்வளவு காலமும் எனக்கு எதிரியாக இருந்த ஒன்றின் நினைவு வந்தது. ஈரம்! பருத்தித்துறையின் அந்தச் சனியன் பிடித்த ஈரக் காற்று கொஞ்சம் வந்தால் போதுமே என்று மனதார மன்றாடினேன். வரவில்லை. மேசையில், அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று நின்றது. எடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்து அமுக்கினேன்.

சேலை தோற்றுப்போய்த் தொங்கியது. இன்ஸ்பெக்டரின் கால்சட்டை, எந்த மனுஷனுக்கும் நனைந்து தெரியக்கூடாத இடத்தில், முழுக்க நனைந்திருந்தது.

 அதிபர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வேலை போச்சு, சேலையும் போச்சு என்று நான் நிலத்தைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் கைகளை மெல்லக் கீழே இறக்கினார். ஒரு கையால் ஒரு பாடக் கொப்பியை எடுத்துக் கால்சட்டைக்கு முன்னால் பிடித்தார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: "எனக்கு இப்போது நடந்தது ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா?"

அத்தனை கையும் எழும்பியது. அதுவரை ஒரு கேள்விக்கும் வாய் திறந்திராத ஷாரன் என்ற பிள்ளை எழுந்தே நின்றாள்.

"மிஸ்ஸின் சேலை இலத்திரன்களை இழந்துவிட்டது, சேர். உங்கள் கால்சட்டை கதிரையிலிருந்து திருடிவைத்திருந்தது. அதுதான் ஓடிப்போய்ப் பிடித்தது. தண்ணீர் பட்டதும் ஏற்றம் கசிந்துவிட்டது."

இத்தனை வருஷத்தில் கஞ்சி பூசி நான் பெற்ற எந்த விடையும் அதற்குக் கிட்ட வராது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டு அதிபரிடம் போனார். "இந்த ஆசிரியையின் வேலையை நிரந்தரமாக்குங்கள். அடுப்புக் கொளுத்துகிற நாளில் பருத்திச் சேலை கட்டி, தலைப்பை இறுக்கிச் செருகட்டும். மின்னியல் நாளில் அடுப்பே வேண்டாம். ஆனால் இந்தச் சேலையை மட்டும் மாற்றவிடாதீர்கள். இந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒழுங்காக வேலை செய்கிற கருவி இதுதான்."

அதன் பிறகு என் ஜப்பான் நைலெக்ஸ் கலியாண வீடு காணவில்லை. ஒவ்வொரு ஓகஸ்டிலும் மற்ற விஞ்ஞான ரீச்சர்மார் வந்து, "நாளைக்கு மூன்றாம் பாடத்துக்கு உங்கள் சேலை கிடைக்குமா?" என்று முன்பதிவு செய்வார்கள். சேலை போனால் நானும் போகவேண்டும், வேறு வழியில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, வெட்கத்தில் இவரிடம் அழுதழுது எல்லாம் சொன்னேன். இவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"எந்தப் பக்கமாச் சுத்தினனீங்கள்?"

"வலமா."

"எத்தினை தரம்?"

"ஒருக்கா."

"அப்ப செல்லாது. மூண்டு தரம் சுத்தினாத்தான் செல்லும். நீர் தேத்தண்ணி போடும்."

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் இவருடைய கடைசி வார்த்தை ஒன்றுதான்: "போம், போய் அந்த மனுசனோட மிச்ச ரெண்டையும் சுத்தி முடியும்." பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

மகளின் கலியாணமும் ஒரு ஓகஸ்டில்தான் வந்தது. வெளியே அதே வறண்ட காற்று, மண்டபத்தில் சுவருக்குச் சுவர் கம்பளம். மகளும் மருமகனும் அக்கினியை ஒருதரம் சுற்றி முடித்தார்கள். இவர் சபைக்கெல்லாம் கேட்கும்படி, "பிள்ளை, நிக்காதை, நட. அம்மா இந்த இடத்திலதான் நிப்பாட்டினவ!" என்றார். மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கினாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. வாயை மூடுங்கோ என்று சொல்ல இவருடைய கையைப் பிடிக்கப் போனேன். தொட்டதும் படீர் என்று ஒரு பொறி. இவர் "ஆ!" என்று துள்ளினார்.

"என்ன, என்ன நடந்தது?" என்று ஐயர் பதறிக் கேட்டார்.

"ஒண்டுமில்லை ஐயா," என்றார் இவர், கையைத் தடவிக்கொண்டு. "பழைய வயரிங். நீங்கள் நடத்துங்கோ."