நாலு மணி விசாரிப்பு

வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டதும் பஞ்சாபகேசன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. மகாதேவன் உடம்பு விசாரிக்க வந்துவிட்டார்.

அடுத்த பிளாக்கில் பிள்ளையோடு இருக்கும் மகாதேவன் ரிடையரானவர். தில்லி கிட்வாய் நகரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் இரண்டு சாத்துக்குடியோடு ஆஜராகிவிடுவார்.

"பஞ்சு, முட்டி எப்படிடா இருக்கு? நம்ம கோல் மார்க்கெட் வைத்திக்கும் இதே வலது முட்டிதான்."

"இப்ப தேவலையா அவனுக்கு?"

"எங்கேடா தேவலை? போன சித்திரையிலேயே போய்ச் சேர்ந்துட்டான், பாவம்!"

"எனக்குத் தூக்கம் வரது" என்று பஞ்சாபகேசன் ரஜாயை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

ஆவணியில் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து முட்டியை உடைத்துக்கொண்டவர் அவர். மாவுக்கட்டோடு கிடந்தபோதே டைபாய்டும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒருவழியாக விட்டுப் போன பிறகு பார்த்தால், வலது கால் நீட்டினது நீட்டினபடி நின்றது. சைக்கிள் விட்டால் தானே மடங்கும் என்றார் டாக்டர்.

"மறுபடி விழறதுக்கா? இனிமே சைக்கிளைத் தொட்டா என் பேர் பஞ்சாபகேசன் இல்லை!"

ஆஸ்பத்திரியிலேயே சபதம் போட்டுவிட்டு வந்து கட்டிலில் படுத்தவர்தான். மனைவி காமாக்ஷி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். தை மாதம் மகள் வத்சலாவுக்குக் கல்யாணம். பெண்ணை மடியில் உட்காரவைத்துக் கன்னிகாதானம் செய்ய வேண்டும். காலை நீட்டிக்கொண்டு உட்கார்கிறவருக்கு மடி ஏது? அவருக்கும் அந்த ஏக்கம் இருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான்.

அப்போதுதான் இந்த நாலு மணி விசாரிப்பு ஆரம்பித்தது. முதல் நாள் ஒரு சாவு, மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் மகாதேவன் மூன்றாவது பாடையைக் கட்டுவதற்குள், தூங்கப் போவதாகச் சொல்லி அவரை ஹாலுக்கு அனுப்பினார் பஞ்சாபகேசன். கதவைச் சாத்தி, ரஜாய்க்குள் தலையணையைத் திணித்துவிட்டுப் பின்கதவு வழியாகக் கொல்லைக்கு நொண்டினார்.

அங்கே வத்சலாவின் லேடீஸ் சைக்கிள் நின்றது. சீட்டு இறக்கியிருந்தது. செயினில் புது எண்ணெய். டயரில் காற்று விண்ணென்று இருந்தது. இதெல்லாம் யார் செய்தது என்று யோசிக்க அவகாசமில்லை. உள்ளே மகாதேவன் அடுத்த கதைக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். சபதத்தை ரஜாய்க்குள்ளேயே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் இடது கால்தான் மிதித்தது. வலது கால் தொங்கிக்கொண்டே கூட வந்தது. ஒரு வாரத்தில் அதுவும் அரைச் சுற்று சுற்றியது. பதினைந்தாம் நாள் முழுச் சுற்று! ஆசிய விளையாட்டுக்காக ஊரெங்கும் புது ரோடு போட்டிருந்தார்கள். புது ஃப்ளைஓவரில் முக்கி முனகி ஏறுவார். பிறகு இறக்கம்! மஃப்ளர் பறக்க, ஐம்பத்திரண்டு வயசு மனுஷர் "ஹோய்!" என்று கத்திக்கொண்டே இறங்குவார்.

"ஷாபாஷ், பாபுஜி!" என்பான் கீழே சக்கரவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கிறவன். எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு தொன்னை கிழங்கு. சைக்கிளில் சாய்ந்தபடி அதைத் தின்கிறபோது, உயிரோடு இருப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்று அவருக்குத் தோன்றும்.

சைக்கிளில் மடங்குகிற கால் தரையில் சப்பணம் போடுமா என்று பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

வீட்டில்தான் வினை முற்றியது. தினம் பகலில் தூங்குகிறாரே என்று அக்கம்பக்கத்து மாமிகள் கவலைப்பட்டார்கள்.

"யாரையும் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொல்லிடு" என்றார் காமாக்ஷியிடம். உடனே கிட்வாய் நகர் முழுக்கப் பஞ்சு கவலைக்கிடம் என்றாகிவிட்டது. மகாதேவன் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வெயிலில் சுற்றி முகம் கறுத்ததை மறைக்கப் பவுடரை அப்பினார். "முகத்துல ரத்தமே இல்லையே!" என்று கதவு வழியாக எட்டிப் பார்த்த மாமிகள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சஹஸ்ரநாமம் சொல்ல ஒரு கோஷ்டியே சேர்ந்துவிட்டது.

இன்றும் வைத்தியின் சாவைக் கேட்டுவிட்டு ஓடியவர், ஃப்ளைஓவரில் மூன்று தரம் இறங்கிவிட்டுக் கொல்லைக்குத் திரும்பினார். உள்ளே சஹஸ்ரநாமம் நடந்துகொண்டிருந்தது. அதையும் மீறிச் சம்பந்தி ராமமூர்த்தியின் குரல் கேட்டது.

"கடைசி நிலைமைன்னு எங்க பூசா ரோடு வரைக்கும் சேதி வந்துடுத்து, மாமி. நான் கண்ணால பார்க்கணும். அவரால மணையில உட்கார முடியாதுன்னா கல்யாணத்தைத் தள்ளித்தான் வைக்கணும்."

"அவர் தூங்கறார்..." என்று இழுத்தாள் காமாக்ஷி.

பஞ்சாபகேசன் சைக்கிளைப் போட்டது போட்டபடி பின்கதவால் பாய்ந்து, மஃப்ளரோடு ரஜாய்க்குள் புகுந்தார். கதவு திறந்தது. அரைக் கண்ணால் பார்த்தார். முன்னால் சம்பந்தி. பின்னால், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, கோல் மார்க்கெட் வைத்தி.

"ஐயோ வைத்தி! என்னைக் கூட்டிண்டு போக வந்துட்டியா!"

ரஜாய் ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம் பறந்தது. கட்டில் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு காலையும் மடக்கிச் சப்பணம் போட்டு, கண்ணை இறுக மூடி "ராமா, ராமா" என்று ஜபித்தார் பஞ்சாபகேசன்.

சஹஸ்ரநாமம் நின்றுவிட்டது.

"எனக்கு என்ன கேடு? நன்னாத்தானே இருக்கேன்?" என்று விழித்தார் வைத்தி.

"முட்டி மடங்கலைன்னு யார் சொன்னா?" என்றார் சம்பந்தி. "என்னைவிட நன்னா சப்பணம் போடறார்! தையிலேயே முகூர்த்தம், மாத்தமே இல்லை!"

பஞ்சாபகேசன் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். மடி இருந்தது. வத்சலா ஓடி வந்து சின்னக் குழந்தை மாதிரி அதில் உட்கார்ந்து பார்த்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காமாக்ஷிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மகாதேவன் மட்டும் "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"காமாக்ஷி, நாளையிலேர்ந்து இவனை நீ எண்ணெய் போட்டு வெச்ச சைக்கிள்ல விரட்டறதுக்கு நான் வரவேண்டாமோல்லியோ? எனக்குத் தெரிஞ்சு நிஜமாவே செத்தவா எல்லாரும் போன வாரமே தீர்ந்துட்டா. அதான் இன்னிக்கு வைத்தியைச் சாகடிக்கும்படி ஆயிடுத்து!"