பன்னிரண்டு பேருக்குச் சந்தன மாலை

படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அது தானாகவே கலை ஆகிவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அந்த நம்பிக்கை எனக்குப் போனது கோயம்புத்தூரில் ஒரு பிரேம் கடையில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

ஐந்து வருடமாக எங்கள் பக்கத்து அண்டர்கிரவுண்ட் இசைக்காரப் பையன்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் பம்ப் குடோன், காலியாகக் கிடக்கும் கோழிப்பண்ணை என்று கிடைத்த இடத்தில் ஸ்பீக்கரைக் கட்டித் தொண்டை கிழியக் கத்துவார்கள். போஸ்டர் கிடையாது, டிக்கெட் கிடையாது. வாட்ஸப்பில் சேதி பார்த்து நாற்பது பேர் வருவார்கள். உலகத்தையே கொளுத்துவேன் என்று அலறி முடித்ததும், "பொறுமையா கேட்டதுக்கு ரொம்ப நன்றிங்க, பார்த்துப் போங்க" என்பார்கள். (எங்கள் ஊரில் கலகம்கூட 'ங்க' போட்டுத்தான் நடக்கும்.)

இந்தப் படங்களை ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் கண்காட்சிக் கூடத்தில் வைக்க அழைப்பு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் கேட்டது இரண்டுதான். படத்தில் இருப்பவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். படத்தின் கீழே அவர் பெயரும், பாடத் தொடங்கிய வருடமும், நிறுத்திய வருடமும் வேண்டும். படங்களில் இருந்த பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாருமே வேலை, கல்யாணம் என்று பாட்டை விட்டுவிட்டிருந்தார்கள். அதில் அவிநாசிப் பிரபுவின் படம்தான் கண்காட்சியின் விளம்பரப் படம். அவன் இல்லையென்றால் கண்காட்சியே இல்லை.

படங்களையும் பெயர், வருடம் எழுதிய தாளையும் கொண்டுபோய்ப் பொன்னுசாமி அண்ணன் கடையில் கொடுத்தேன். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் எல்லாவற்றுக்கும் அவர்தான் சட்டம் போடுவார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

"யாருங்க கண்ணு இந்தப் பசங்க?"

"எல்லாரும் அண்டர்கிரவுண்டுங்ணா."

"அட சாமி! அத்தன பேருமா?"

"ஆமாங்ணா. ஒருத்தர் பின்னால ஒருத்தரா போயிட்டாங்க. பிரபு போனதைத்தான் என்னால தாங்க முடியல."

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நல்லபடியா செஞ்சுபோடலாங்க. மனசைத் தேத்திக்கோங்க." கலைஞனின் மனசு புரிந்த மனிதர் என்று பூரித்துப்போனேன். (அட மடையா!)

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வெளிநாட்டுப் பார்சல் வண்டி கடைக்கே வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தன மாலை, மேலே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, கீழே கொட்டை எழுத்தில் பெயர், 'தோற்றம்' ஒரு வருடம், 'மறைவு' ஒரு வருடம்.

"அண்ணா, இவங்க எல்லாரும் உசுரோட இருக்காங்க!"

"ஏனுங்க, நீங்கதான அண்டர்கிரவுண்டுன்னீங்க? மண்ணுக்கடியிலன்னுதானுங்க அர்த்தம்?"

"அந்த வருசத்தைப் பாருங்கண்ணா! கணக்குப் போட்டா ஒருத்தருக்கும் ஆறு வயசு தாண்டல. ஆறு வயசுப் பையனுக்குத் தாடி எப்படிங்ணா இருக்கும்?"

"தாடியை நானும் பார்த்தேனுங்க. துக்கத்துல வருசத்தை மாத்தி எழுதிப்போட்டீங்கன்னு நெனச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னார். பிரபு அவர் ஊர்ப் பையன். அதனால் காலையில் பிரபுவின் அம்மாவுக்கே போன் போட்டு, "பையன் படத்துக்குப் பொட்டு வெச்சுப்போடட்டுங்களா அம்மணி?" என்று கேட்டிருக்கிறார்.

பிரபு வேலை செய்வது பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில். உள்ளே செல்போன் கூடாது. அந்த அம்மா பதறி, வாட்ச்மேனைப் பிடித்து, மகனை வெளியே வரவழைத்து, அவனையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, என்ர பையன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனானுங்க?"

பிறகு படத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க, கண் செருக, வாயை அகலத் திறந்து நிற்கிறான் மகன். "என்ன சாமி இது? பல்லு வலியா?"

பிரபு தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மாவுக்கு மெல்லப் புரிந்தது. "ஞாயித்துக்கெழமையானா யோகா கிளாஸ், யோகா கிளாஸ்னு போனியே, இதானா?"

"ஆமாங்கம்மா."

"மாலை போட்ட படம் ஊரு தாண்டப்படாது. சொல்லிப்போட்டேன்."

"அம்மா சொன்னாச் சரிங்ணா. கையெழுத்தைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றான் பிரபு. ('எவனுக்கும் அடங்க மாட்டேன்' என்று மூன்று வருடம் கத்தியவன் இவன்தான்.)

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி இரண்டு. ஐந்து வருட உழைப்பு போய்விடும் போலிருந்தது. நான் கெஞ்சிய கெஞ்சலில் அந்த அம்மா கொஞ்சம் இறங்கினார். "என்ர பையன் நல்லா இருக்கறான்னு அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியோணும். அவனைக் கலர்ல ஒண்ணு எடுங்க. நானும் நிக்கறேன். மாலை போட வெச்ச நீங்களும் வந்து நில்லுங்க. அதையும் சேர்த்துத்தான் அனுப்போணும்."

நானும் நிற்பதென்றால் யார் எடுப்பது? கேமராவைப் பொன்னுசாமி அண்ணனிடம் கொடுத்தேன். "எதை அமுக்கோணுங்க?" என்று கேட்டார், அமுக்கினார், முடிந்தது. மாலைகளைக் கழற்றி, பல்புகளைப் பிடுங்கி, எதிர்க்கடையில் கலர் படத்தைப் பிரிண்ட் போட்டு, புதிதாகப் பெயர் அடித்து ஒட்டி, பதின்மூன்று படங்களாக நாலு மணி வண்டியில் ஏற்றினோம்.

கண்காட்சி நன்றாகவே நடந்ததாம். அந்த ஊர்ப் பத்திரிகையில் ஒரே ஒரு படம் வந்தது. தொழிற்சாலைச் சட்டையில் அசடு வழியும் பிரபு, அவன் காதைப் பிடித்திருக்கும் அம்மா, ஓரத்தில் கடிகாரத்தைப் பார்க்கும் என் பாதி முகம். கீழே படம் எடுத்தவர் என்று என் பெயர்! கோழிப்பண்ணையில் உருண்டு புரண்டு எடுத்த பன்னிரண்டில் ஒன்றுகூட அவர்கள் கண்ணில் படவில்லை.

இன்றைக்கும் நான் வெளியே போயிருக்கும்போது யாராவது போன் செய்தால், என் மனைவி "போயிட்டாருங்க" என்று சொல்வதில்லை. "கடைக்குப் போயிருக்காருங்க, உசுரோட வருவாருங்க" என்கிறாள்.

போன தை மாதம் பிரபுவுக்குக் கல்யாணம். பழசையெல்லாம் மறந்திருப்பார்கள் என்று கேமராவோடு மண்டபத்துக்குப் போனேன். அந்த அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாமி, வாங்க. கேமராவை உள்ள வெச்சுப்போட்டு மொதல்ல சாப்பிடுங்க. போட்டோ எடுக்கப் பொன்னுசாமி அண்ணன் வந்திருக்காருங்க."