ஒரு துண்டும் வீணாகாத போர்வை

கணினித் திரையில் வடிவமைத்து ஒப்புதல் பெறாத எந்தத் துணியையும் கத்தரிக்கோல் தொடலாகாது என்று எங்கள் மருத்துவமனையின் தையல் பிரிவுக்கு மேலிடம் ஆணை பிறப்பித்தது. துணி வீணாவதைத் தடுப்பது என்ற உயரிய நோக்கம். அதில் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆணை வந்தது குளிர் தொடங்கிய வாரம் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

நான் அங்கே துணி வெட்டுகிறவள். பழைய திரைச்சீலை, கிழிந்த சீருடை, ஓரம் நைந்த விரிப்பு எல்லாம் எங்களிடம் வரும். நல்ல பகுதியாகப் பார்த்துச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுப்பேன். தையல் மாஸ்டர் அவற்றை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து, கனத்த போர்வையாகத் தைப்பார். அழகு என்று யாரும் சொன்னதில்லை. போர்த்திக்கொண்டவர்கள் உடனே தூங்கிவிடுவதால் கருத்துச் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்த முறை அவசரம் எனக்கு வீட்டு வழியாகவே வந்தது. என் கணவரின் அக்கா இடுப்பெலும்பு முறிந்து பெண்கள் வார்டில் கிடந்தார். நாக்கில் எலும்பே இல்லாததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்மா, போர்வை தைக்கிற இடத்துல வேலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறியே, எனக்கு ஒண்ணு கிடைக்காதா? காலு ரெண்டும் மரத்துப் போச்சு."

"இந்த வாரமே வந்துடும் அண்ணி," என்றேன். அப்போது எனக்குக் கணினியைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

கணினி வந்தது. பிரிவில் ஆடாத மேசை ஒன்றே ஒன்று, அது நான் துணி வெட்டும் மேசை. அதன் நடுவில் கணினியை வைத்தார்கள். ஆணை இல்லாவிட்டாலும் இனி வெட்ட முடியாது என்பது அத்துடன் உறுதியானது.

"இனிமே தப்பு பண்றதா இருந்தா திரையிலேயே பண்ணிக்கலாம். துணி தப்பிச்சுது," என்றார் எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர்.

"சரி சார். எப்ப வெட்டலாம்?"

"அவசரப்படாதீங்கம்மா. முதல்ல நிறம்."

கணினியோடு வந்த மென்பொருளில் உலகத்து நிறமெல்லாம் இருந்தது. எங்கள் அலமாரியில் வெளுத்த பச்சையும் வெளுத்த நீலமும்தான் இருந்தன. அதைச் சொன்னேன்.

"இருக்கறதை வெச்சே யோசிக்கறதுதாம்மா நம்ம பிரச்சினை," என்று அவர் வருத்தப்பட்டார்.

பிறகு மருத்துவமனை முழுக்க வடிவமைப்புக் காய்ச்சல் பரவியது. மயக்க மருந்து டாக்டர், பழுப்பு நிறம் பார்த்தால் தானாகவே தூக்கம் வரும் என்றார். கண் டாக்டர் கோடுகளைக் கடுமையாக ஆட்சேபித்தார். கணக்குப் பிரிவினர் தங்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கேட்டு, கலந்தாலோசித்ததும், தங்களுக்கு எதுவும் தோன்றவில்லை என்று தெரிவித்தார்கள். இந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேன் என்றிருந்த தையல் மாஸ்டர் ஒரு பெரிய தாமரை செய்து, அதைத் தன் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். அவருடைய தையல் இயந்திரத்தின் மேல் டீ டம்ளர் குடியேறியது.

நானும் ஒன்று செய்தேன். சாயங்கால வானம். மேலே கத்தரிப்பூ நிறம், கீழே வரவர ஆரஞ்சு, நடுவில் ஒரு நட்சத்திரம். நானே சொல்லக் கூடாது, பிரமாதமாக வந்திருந்தது. வடிவம் தேர்வு செய்ய அமைத்திருந்த குழு கூடி அதையே தேர்ந்தெடுத்தது.

மென்பொருளில் இன்னொரு வசதியும் உண்டு. போர்வையைக் கட்டிலில் விரித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும். மடிப்பு, நிழல், தலையணை எல்லாம் தத்ரூபம். கண்காணிப்பாளர் அந்தப் படத்தை மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வந்த வேகம் எங்கள் பிரிவு இதுவரை காணாதது.

'கட்டிலின் மீது போர்வை விரிக்கப்பட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. பணி நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. வீணான துணி: இல்லை. பாராட்டுகள். தேவைப்படாத துணியும் பஞ்சும் இன்று பிற்பகல் வண்டியில் திருப்பி அனுப்பப்பட வேண்டும்.'

"சார், அது படம்தானே?" என்றேன்.

"படம்னு இப்ப எழுதினா, அப்ப போர்வைன்னு ஏன் அனுப்பினீங்கன்னு கேப்பாங்க."

"நோயாளிங்க குளிர்ல நடுங்கறாங்க சார்."

"படத்துல யாரும் நடுங்கலையே."

"படத்துல ஆளே இல்ல சார்."

"அதனாலதாம்மா நடுங்கலை," என்று பொறுமையாக விளக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சாப்பிடப் போனதும் கணினியைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

"வண்டி வர்றதுக்குள்ள அண்ணிக்கு ஒண்ணாவது தெச்சுடலாம் மாஸ்டர். வேலை போனா போகட்டும்."

மாஸ்டர் இயந்திரத்தின் மேலிருந்த டம்ளரை எடுத்துக் கீழே வைத்தார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு வர வார்டுக்கு ஓடினேன். அண்ணி முழங்கால் வரை பழைய செய்தித்தாள்களைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார்.

"அண்ணி, சாயங்காலம் போர்வை கைக்கு வந்துடும்."

"எப்படி இருக்கும்?"

"பழையபடிதான். பச்சையும் நீலமும். இவங்க ஒப்புதல் குடுத்தது வேற," என்று, அவருக்கும் கோபம் வரட்டும் என்றுதான் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

அண்ணி மூக்குக் கண்ணாடியை மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரியும் கழுத்தை நீட்டினாள்.

"இது யாரு பண்ணினது?"

"நான்தான்."

"நீயா? பரவால்லையே."

கல்யாணமான நாள் முதல் அந்த வாயிலிருந்து எனக்கு இப்படி ஒரு சொல் விழுந்ததில்லை.

"எனக்கு இதுவே இருக்கட்டும்," என்றார்.

"இந்த நிறத்துல துணியே கிடையாது அண்ணி. இது வர்றதுக்குள்ள குளிரே போயிடும்."

"நாலு பேர் வந்து பாத்துட்டுப் போற இடம். திரைச்சீலையைச் சுத்திக்கிட்டுக் கிடக்கச் சொல்றியா? நான் பொறுத்துக்கறேன். ஓரத்துல மட்டும் ஒரு மஞ்சள் கோடு ஓட விடு, இன்னும் எடுப்பா இருக்கும்."

"எனக்கும் அதே மாதிரி," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி, பல் கிடுகிடுக்க.

நான் திரும்பி வந்தபோது வாசலில் வண்டி நின்றது. மாஸ்டர் கதவைத் தாழிட்டுவிட்டு, மேசையில் துணியை விரித்து, கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டினார்.

"சீக்கிரம் வெட்டும்மா. தட்டறாங்க."

"கதவைத் திறந்து துணியைக் குடுத்துடுங்க மாஸ்டர்," என்று சொல்லிவிட்டுக் கணினியைத் தூக்கி மேசையில் வைத்தேன். "எனக்கு ஓரத்துல மஞ்சள் போட்டுப் பாக்கணும்."